கதவு தட்டும் முன்: அடுக்குமாடியில் மாதிரிக் கணக்கெடுப்பு நடத்துவது எப்படி

கோலாலம்பூரில் ஒரு சங்கமோ ஆலய நிர்வாகமோ பெற்றோர் ஆசிரியர் சங்கமோ “ஓர் ஆய்வு எடுத்துவிடுவோம்” என்று கூட்டத்தில் முடிவெடுத்தால், அன்றிரவே ஒரு கூகள் படிவம் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்ற ஆரம்பித்துவிடும். ஒரு வாரத்தில் சில நூறு பதில் சேரும். அடுத்த வாரம் “பெரும்பான்மையினர் விரும்புகின்றனர்” என்று பத்திரிகையில் செய்தி வரும். யாரிடம் கேட்டீர்கள் என்று யாராவது கேட்டால், கேட்டவர்தான் குதர்க்கம் பேசுபவர் ஆகிவிடுவார்.

பதில் குவிந்துவிட்டால் ஆய்வு நம்பகமாகிவிடாது. 1936இல் அமெரிக்காவின் லிட்டரரி டைஜெஸ்ட் இதழ் அதிபர் தேர்தலுக்கு முன் ஏறத்தாழ 1 கோடி பேருக்கு அட்டை அனுப்பி, 20 இலட்சத்துக்கும் மேற்பட்ட பதில்களைத் திரட்டியது. அதிபர் ரூஸ்வெல்டை எதிர்த்து நின்ற லாண்டன் வெல்வார் என்று அடித்துச் சொன்னது. ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46ஐ வாரிக்கொண்டு போனார். முகவரிகளில் பெரும்பகுதி தொலைபேசிப் புத்தகத்திலிருந்தும் கார் பதிவுப் பட்டியலிலிருந்தும் வந்தவை. பொருளாதார மந்தத்தில் அடிபட்டவர்கள் அந்தப் பட்டியல்களில் குறைவு. அட்டையை நிரப்பித் திருப்பி அனுப்பச் சிரத்தை எடுத்தவர்களிலும் ரூஸ்வெல்டைப் பிடிக்காதவர்களே அதிகம்.

ஆக, எல்லோரையும் கேட்காமல் சிலரை மட்டும் தேர்ந்தெடுத்துக் கேட்கும் மாதிரிக் கணக்கெடுப்பு இரண்டு நிபந்தனைகளின்மேல் நிற்கிறது. ஒவ்வொரு வீட்டுக்கும் தேர்வாகும் வாய்ப்பு எவ்வளவு என்று உங்களுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். தேர்வான வீட்டைச் சுலபத்தில் கைவிடக்கூடாது. சூத்திரமெல்லாம் இதற்குப் பிறகுதான்.

விளக்க வசதிக்காக ஒரு குடியிருப்பைக் கற்பனை செய்துகொள்வோம். செந்தூல் பக்கம், பந்தாய் டாலாம் பக்கம் பார்க்கிற மாதிரியான பி.பி.ஆர். அடுக்குமாடி, அதாவது குறைந்த வருமானத்தினருக்கான அரசுக் குடியிருப்பு. 4 புளோக், ஒவ்வொன்றிலும் 15 மாடி, மாடிக்கு 20 வீடு, மொத்தம் 1,200 வீடுகள். அவற்றில் 400 தமிழர் வீடுகள். பிள்ளைகளுக்கு மாலை டியூஷன் வகுப்பு தொடங்கலாமா என்று குடியிருப்பாளர் சங்கம் யோசிக்கிறது. கையில் எட்டுத் தன்னார்வலர்கள் இருக்கிறார்கள்.

எந்த முடிவுக்காகக் கேட்கிறோம்?

“மக்களின் கல்வி நிலையை அறிய” என்பது நோக்கமே அல்ல. “எத்தனை வீடுகளில் வகுப்புக்கு அனுப்பத் தயாராக இருக்கிறார்கள்? மாதம் 30 வெள்ளி (ரிங்கிட்) கட்ட முடியுமா? எந்த நேரம் தோது?” இது நோக்கம். எந்தப் பதில் வந்தாலும் உங்கள் முடிவை மாற்றப்போவதில்லை என்றால் அந்தக் கேள்வியை அடித்துவிடுங்கள். பெரும்பாலான படிவங்கள் பாதியாகச் சுருங்கிவிடும்.

பட்டியல்

எல்லோரும் அவசரமாகத் தாண்டிப்போகிற இடம் இது. நிர்வாக அலுவலகத்தில் பட்டியல் இருக்கும், ஆனால் தரமாட்டார்கள். தந்தாலும் அதில் உள்ள பெயர் ஒன்று, வீட்டில் இருப்பவர் இன்னொருவர். உள்வாடகைக்கு விட்டிருப்பார்கள். எனவே உங்களுக்குப் பெயர்ப் பட்டியல் வேண்டாம், கதவுப் பட்டியல் போதும். இரண்டு பேர் மேல்மாடியிலிருந்து கீழிறங்கி, ஒவ்வொரு கதவு எண்ணையும் வரிசையாக எழுதி வரட்டும். எண்ணை மட்டும் எழுதுவது ஒரு நாள் வேலைதான்.

நடந்து பார்க்காமல் கணினியில் “மாடி 1 முதல் 15, வீடு 1 முதல் 20” என்று தட்டினால் முதல் நாளே சிக்கல். நம்மூர்க் கட்டடங்கள் பலவற்றில் 4ஆம் மாடி கிடையாது, 3ஏ இருக்கும். 14 இருக்காது, 13ஏ இருக்கும். சிலவற்றில் வீட்டு எண்ணிலும் இதே கதை. தன்னார்வலர் இல்லாத கதவைத் தேடிக்கொண்டு லிப்டில் ஏறி இறங்குவார், அல்லது பக்கத்துக் கதவைத் தட்டிவிட்டு வந்துவிடுவார். இரண்டாவதுதான் ஆபத்து. கதவு எண் எப்படியிருந்தாலும் உங்கள் பட்டியலில் 1 முதல் 1,200 வரை தனி வரிசை எண் போட்டுவிடுங்கள்.

காலியாகத் தெரிகிற வீட்டையும் பட்டியலில் சேருங்கள். பூட்டு தொங்குவதால் ஆளில்லை என்று அர்த்தமில்லை. இரவு வேலைக்குப் போய் மதியம் தூங்குகிறவர் வீடாக இருக்கலாம். தரைத்தளக் கடை, சூராவ் (சிறு தொழுகை இடம்), மழலையர் பள்ளி இவற்றை விட்டுவிடலாம்.

தமிழர் வீடு எது என்று அடையாளம் காண்பதில்தான் உண்மையான வம்பு. வாசலில் மாவிலைத் தோரணம் தொங்குகிறதா, சாமி படம் தெரிகிறதா என்று பார்த்து எழுதிக்கொண்டு வருவார்கள். அப்படிச் செய்தால் கிறிஸ்தவத் தமிழர் வீடும் தமிழ் முஸ்லிம் வீடும் கலப்புத் திருமண வீடும் மொத்தமாக விடுபடும். தோரணம் கட்டிய மலையாளி வீடு உள்ளே வரும். பட்டியல் எடுக்கும்போதே கதவைத் தட்டி “வீட்டில் என்ன மொழி பேசுவீர்கள்?” என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். மாடிக்கு மாடி எல்லோரையும் தெரிந்த ஓர் ஆன்ட்டி இருப்பார். அவரை உதவிக்கு வைத்துக்கொள்ளலாம், ஆனால் அவர் சொன்னதை மட்டும் நம்பி எழுத வேண்டாம்.

தெரிந்தவர் மூலம் தெரிந்தவர் என்று போவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஆவணமில்லாதவர்கள் போன்று பட்டியலே போட முடியாத மக்களை அணுக அது உதவும். ஆனால் அப்படிச் சேர்த்த பதில்களை எடுத்து “தமிழர்களில் இத்தனை விழுக்காடு” என்று எழுதக்கூடாது.

எத்தனை வீடு?

எல்லோரும் முதலில் கேட்கிற கேள்வி, உண்மையில் மிகச் சுலபமானது. 95 விழுக்காடு நம்பிக்கை மட்டத்தில் (இதே முறையில் நூறு தடவை மாதிரி எடுத்தால் ஏறத்தாழ 95 தடவை பொருந்தும் என்ற அளவில்) கூட்டியோ குறைத்தோ 5 விழுக்காடு பிழை போதும் என்றால், அந்த மட்டத்துக்குரிய எண்ணான 1.96இன் வர்க்கத்தை 0.25ஆல் (பாதிப்பேர் ஆம், பாதிப்பேர் இல்லை என்ற மிக மோசமான நிலைக்கான எண்) பெருக்கி 0.05இன் வர்க்கத்தால் வகுங்கள். 384.16 வரும், 385 என்று வையுங்கள். மக்கள்தொகை சிறிதாக இருந்தால் குறைத்துக்கொள்ளலாம்: 384ஐ 1,200ஆல் வகுத்து 1ஐக் கூட்டி, வரும் 1.32ஆல் 385ஐ வகுத்தால் ஏறத்தாழ 292. பிழையைப் பாதியாக்க ஆசைப்பட்டால், இப்படிக் குறைப்பதற்கு முன் உள்ள அந்த 385 சுமார் நாலு மடங்காக வேண்டும். பெரிய நகரம் என்பதற்காக மாதிரியும் பெரிதாக வேண்டியதில்லை. சிலாங்கூர் முழுவதற்கும் இதே 385தான் அடிப்படை.

ஆனால் 292 வீடுகளை மொத்தத்திலிருந்து எடுத்தால் தமிழர் வீடுகள் நூறை ஒட்டித்தான் வரும். அந்த நூறை மட்டும் வைத்துத் தமிழர் வீடுகளைப் பற்றிப் பேசினால் பிழை 8, 9 விழுக்காட்டுக்குப் போய்விடும். யாரைப் பற்றித் தனியாகப் பேசப்போகிறீர்களோ, அந்தப் பிரிவுக்குத் தனியாகக் கணக்குப் போடுங்கள்.

தேர்ந்தெடுப்பது

இங்கேதான் வீடுகளைப் பிரிவுகளாகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவிலிருந்தும் தனியாக எடுக்கும் மாதிரி முறை கைகொடுக்கிறது. ஒவ்வொரு பிரிவிலும் எத்தனை எடுத்தால் ஆதாயம் என்பதைப் புள்ளியியலாளர் ஜெர்சி நெய்மன் 1934இல் ஒரு புகழ்பெற்ற கட்டுரையில் கணிதமாகவே நிறுவிக் காட்டினார். “பார்த்தால் எல்லோரையும் பிரதிபலிக்கிற மாதிரி” நாமாகப் பொறுக்கி எடுக்கும் பழக்கத்துக்கு அந்தக் கட்டுரைதான் பலத்த அடி கொடுத்தது. நம் குடியிருப்பில் தமிழர் வீடுகள் 400 ஒரு பிரிவு, மற்ற 800 இன்னொரு பிரிவு. முதல் பிரிவில் 200 பதில், இரண்டாவதில் 100 பதில் என்று இலக்கு வைப்போம். சிலர் மறுப்பார்கள் என்பதால் 260, 140 என்று கொஞ்சம் கூடுதலாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

எக்செலில் ஒவ்வொரு வீட்டுக்கும் எதிரே ரேண்ட் (RAND) என்ற, தற்செயல் எண் தரும் சூத்திரத்தைப் போடுங்கள். வந்த எண்களை உடனே மதிப்பாக ஒட்டி உறைய வைத்துவிடுங்கள். இல்லையென்றால் கோப்பைத் திறக்கும்போதெல்லாம் எண்கள் மாறிக்கொண்டே இருக்கும், எந்த வீடு தேர்வானது என்பதற்குச் சாட்சியே இருக்காது. பிறகு அந்த எண்படி வரிசைப்படுத்தி, மேலேயிருந்து 260, 140 எடுத்துக்கொள்ளுங்கள். அவ்வளவுதான்.

“ஐந்து வீட்டுக்கு ஒரு வீடு” என்று எண்ணிக்கொண்டே போகும் முறையும் நல்ல முறைதான். ஆனால் அடுக்குமாடியில் ஒரு குழி இருக்கிறது. மாடிக்கு 20 வீடு. மூன்றாவது வீட்டில் தொடங்கி ஐந்தைந்தாகப் போனால் ஒவ்வொரு மாடியிலும் 3, 8, 13, 18 மட்டுமே வரும். பதினைந்து மாடியிலும் அதே நாலு கதவுகள். லிப்டை ஒட்டிய வீடும் மூலை வீடும் ஒருபோதும் வராது. லிப்ட் சத்தம், குப்பை நாற்றம், வெளிச்சம் பற்றியெல்லாம் கேட்கிற ஆய்வாக இருந்தால் கதை முடிந்தது. கட்டட அமைப்போடு ஒத்துப்போகாத இடைவெளி, எடுத்துக்காட்டாக 7, இந்தத் தொல்லையைத் தராது.

வீட்டுக்குள் யாரைக் கேட்பது?

வீட்டைப் பற்றிய கேள்வி என்றால் விவரம் தெரிந்த பெரியவர் யாரும் போதும். தனிமனிதர் கருத்து என்றால் கதவைத் திறந்தவரையே கேட்கக்கூடாது. பகலில் கதவைத் திறப்பது பெரும்பாலும் பாட்டிகள், இல்லத்தரசிகள். லாரி ஓட்டுகிற அண்ணன், கிராப் ஓட்டுகிற தம்பி எல்லாம் உங்கள் ஆய்வில் இல்லாமலே போவார்கள். வீட்டுக்குள் ஒருவரைத் தேர்ந்தெடுக்க என்றே புள்ளியியலாளர் லெஸ்லி கிஷ் 1949இல் ஓர் அட்டவணை வகுத்துக் கொடுத்தார். அது பாரமாகத் தோன்றினால் “இந்த வீட்டுப் பெரியவர்களில் யாருக்கு அடுத்த பிறந்தநாள் வருகிறது?” என்று கேட்டு அவரைப் பிடியுங்கள். வீட்டில் எத்தனை பெரியவர்கள் என்பதையும் குறித்துவையுங்கள். ஐந்து பேர் உள்ள வீட்டில் ஒருவருக்கு ஐந்தில் ஒரு வாய்ப்புதான் கிடைத்தது, பிறகு எடை போடும்போது, அதாவது ஒரு பதில் எத்தனை பேருக்காகப் பேசுகிறது என்று கணக்கிடும்போது, அது தேவைப்படும்.

கேள்வி

ஒரு தமிழ்ச் சங்கத்துத் தன்னார்வலர் சட்டையில் சங்கத்தின் பெயரோடு வந்து நின்று, “பிள்ளையைத் தமிழ்ப்பள்ளிக்கு அனுப்புவீர்களா?” என்று கேட்டால் யார் இல்லை என்பார்? அந்தப் பதிலை நம்பி வகுப்பறை கட்டக்கூடாது. “உங்கள் வீட்டில் கடைசியாக முதலாம் ஆண்டு சேர்ந்த பிள்ளை எந்தப் பள்ளியில் சேர்ந்தது?” என்று கேளுங்கள். விருப்பத்தைவிட நடந்ததைக் கேட்பது எப்போதும் மேல். வருமானத்திலும் கவனம் வேண்டும். பி.பி.ஆர். வீடுகள் வருமான வரம்பை வைத்துக் கொடுக்கப்படுபவை. யாரோ ஒரு அந்நியர் வந்து சம்பளம் கேட்டால் குறைத்துத்தான் சொல்வார்கள். போன மாதம் டியூஷனுக்கு எவ்வளவு கட்டினீர்கள் என்று செலவைக் கேட்டால் உருப்படியான பதில் வரும்.

“வகுப்பும் போக்குவரத்தும் திருப்தியா?” என்று இரண்டை ஒன்றாகக் கேட்காதீர்கள். எந்த மொழியில் கேட்பது என்பதை வாய்க்கு வந்தபடி விடாமல், தமிழிலும் மலாயிலும் முழு வாக்கியமாக எழுதி அச்சடித்துக் கொடுங்கள். தன்னார்வலர் ஒவ்வொருவரும் தன் பாணியில் மொழிபெயர்த்தால் ஒரே கேள்விக்கு எட்டுப் பதிப்பு கிடைக்கும்.

கூச்சமான கேள்விக்கு ஒரு தந்திரம் இருக்கிறது. ஆய்வாளர் ஸ்டான்லி வார்னர் 1965இல் முன்வைத்த யோசனையிலிருந்து வளர்ந்தது. “ஆ லோங்கிடம் கடன் வாங்கியிருக்கிறீர்களா?” என்று, அதாவது சட்டவிரோத வட்டிக்காரரைப் பற்றி, நேரே கேட்டால் கதவு சாத்தப்படும். பதிலாக, அவர் கையில் ஒரு 50 சென் நாணயத்தைக் கொடுத்து, நமக்குக் காட்டாமல் சுண்டச் சொல்லுங்கள். மதிப்பு போட்ட பக்கம் விழுந்தால் எதையும் யோசிக்காமல் “ஆம்” என்க வேண்டும், மற்ற பக்கம் விழுந்தால் உண்மையைச் சொல்ல வேண்டும். அவர் “ஆம்” என்றாலும் ஏன் என்று உங்களுக்குத் தெரியாது. 200 பேரில் 130 “ஆம்” வந்தால், ஏறத்தாழ 100 நாணயத்தால் வந்தது, மிச்சமுள்ள 100 பேரில் 30, அதாவது 30 விழுக்காடு. இதற்கு விலையும் உண்டு. நேரடியாகக் கேட்டிருந்தால் பிழை 6 விழுக்காட்டை ஒட்டி இருக்கும், இந்த முறையில் 13. எனவே ஒரு கேள்விக்கு மேல் இதைப் பயன்படுத்தாதீர்கள்.

எல்லாம் தயாரானதும் தேர்வாகாத பத்து வீடுகளில் ஒத்திகை பாருங்கள். வங்காளத்தில் சணல் சாகுபடிக் கணக்கெடுப்பை 1930களில் நடத்திய இந்தியப் புள்ளியியலாளர் பி.சி. மகாலனோபிஸ், பெரிய ஆய்வுக்கு முன் சிறு ஒத்திகை ஆய்வு நடத்துவதை வழக்கமாகவே ஆக்கினார்.

கதவு தட்டுதல்

முதலில் நிர்வாகத்துக்கும் காவலாளியான ஜாகாவுக்கும் கடிதம். தொலைபேசி மோசடி பெருகிய இந்தக் காலத்தில் கடிதமும் அடையாள அட்டையும் இல்லாமல் போனால் யாரும் நம்பமாட்டார்கள். ஐ.சி. (தேசிய அடையாள அட்டை) எண்ணைக் கேட்கவே வேண்டாம், ஆய்வுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

நேரம் முக்கியம். வார நாளில் இரவு எட்டு முதல் ஒன்பதரை, ஞாயிறு காலை பத்துக்குப் பிறகு, இந்த இரண்டும் நல்ல நேரம். மஃரிப் தொழுகை வேளையில், அதாவது ஏழு முதல் ஏழரை வாக்கில், மலாய்க்காரர் வீட்டுக் கதவைத் தட்டாதீர்கள். தீபாவளி, நோன்பு மாதம், பள்ளி விடுமுறை மூன்றையும் தவிர்த்துவிடுங்கள். பினாங்கில் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை வட்டாரத்தில் செய்கிறவர்கள் ஷிப்டு அட்டவணையை விசாரித்துவிட்டே கிளம்ப வேண்டும்.

ஆளில்லை என்றால் பக்கத்து வீட்டுக்குப் போகவே கூடாது. தன்னார்வலருக்கு இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவருக்கு அது குற்றமாகவே தெரியாது. “அவங்க இல்ல, எதிர்வீட்டு அக்கா நல்லா பேசுனாங்க” என்று சந்தோஷமாக வந்து சொல்வார். எப்போதும் வீட்டில் இருப்பவர்களையும் நல்லா பேசுகிறவர்களையும் மட்டும் சேர்த்தால் வாட்ஸ்அப் படிவத்துக்கும் இதற்கும் வித்தியாசமே இல்லை. குறைந்தது மூன்று தடவை, வெவ்வேறு நாளில், வெவ்வேறு நேரத்தில் போக வேண்டும்.

ஒவ்வொரு தடவையும் என்ன நடந்தது என்பதைத் தாளில் குறிக்க வேண்டும்: பதில் கிடைத்தது, ஆளில்லை, மறுத்தார், பிறகு வரச் சொன்னார், காலி வீடு. என்னைக் கேட்டால் நிரப்பிய படிவங்களைவிட இந்தத் தாள் மதிப்பு மிக்கது. 260 வீடுகளில் 10 உண்மையிலேயே காலி, 200இல் பதில் என்றால் பதில் விகிதம் 250க்கு 200, அதாவது 80 விழுக்காடு. அதோடு, முதல் தடவையே பதில் சொன்னவர்களையும் மூன்றாம் தடவை அகப்பட்டவர்களையும் தனித்தனியாக ஒப்பிடுங்கள். முதல் வகையினரில் பாதிப்பேர் வகுப்பு வேண்டும் என்கிறார்கள், இரண்டாம் வகையினரில் கால்வாசிதான் என்றால், கடைசிவரை அகப்படாத 50 வீடுகளும் இரண்டாம் வகையின் பக்கமே சாய வாய்ப்பு அதிகம்.

மகாலனோபிஸிடமிருந்து இன்னொன்றையும் கடன் வாங்கலாம். தேர்வான வீடுகளைக் குலுக்கி இரண்டாகப் பிரித்து இரு குழுக்களிடம் கொடுங்கள். புளோக் வாரியாகப் பிரிக்காமல், நாலு புளோக்கிலும் இரு குழுவும் போகட்டும். முடிவில் இரண்டின் விழுக்காடும் தற்செயலுக்கு மீறி விலகியிருந்தால், பிரச்சினை வீடுகளில் இல்லை, கேட்ட விதத்தில் இருக்கிறது.

கணக்கு

நம் கற்பனைக் குடியிருப்பில் தமிழர் வீடுகள் 200இல் 90 வீடுகள் வகுப்பு வேண்டும் என்கின்றன. மற்ற 100இல் 20 வீடுகள். அப்படியே கூட்டினால் 300இல் 110, ஏறத்தாழ 37 விழுக்காடு. இது தப்பு. தமிழர் பிரிவில் ஒவ்வொரு பதிலும் 2 வீடுகளுக்காகப் பேசுகிறது, மற்ற பிரிவில் 8 வீடுகளுக்காக. 90ஐ 2ஆல் பெருக்கினால் 180, 20ஐ 8ஆல் பெருக்கினால் 160, மொத்தம் 340. அதை 1,200ஆல் வகுத்தால் 28 விழுக்காடு. ஒரு பெருக்கலை விட்டதால் எட்டு விழுக்காட்டுக்கும் மேல் ஊதிப்போயிருந்தது. எடைகளைக் கூட்டினால் 1,200 வருகிறதா என்று சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

பிழை அளவையும் பிரிவு வாரியாகப் போட்டுத்தான் சேர்க்க வேண்டும். இந்த எடுத்துக்காட்டில் மொத்தத்துக்கும் தமிழர் பிரிவுக்கும் கூட்டியோ குறைத்தோ 5 விழுக்காடு வருகிறது. கையால் போட அலுப்பு என்றால் ஆர் என்ற இலவச மென்பொருளில் தாமஸ் லம்லி எழுதிய சர்வே என்ற தொகுப்பு இருக்கிறது. எடையையும் பிரிவையும் சொல்லிவிட்டால் மற்றதை அது பார்த்துக்கொள்ளும். சாதாரணப் புள்ளியியல் கட்டளைகளை எடையில்லாமல் ஓட்டி வந்த விடையை நம்பாதீர்கள். பதில் சொன்னவர்களில் வயதோ பாலினமோ ஒருபக்கமாகச் சாய்ந்திருந்தால், தெரிந்த மொத்தத்தோடு பொருத்தி எடையைத் திருத்தலாம். மாவட்ட அளவு மக்கள்தொகை விவரங்கள் புள்ளியியல் துறையின் ஓபன்டோசம் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரு தனிக் குடியிருப்புக்கு அவை அப்படியே பொருந்தா.

ஒரே குடியிருப்போடு நிற்காமல் கோலாலம்பூர் முழுக்கச் செய்ய நினைத்தால், முதலில் குடியிருப்புகளையும் பிறகு அவற்றுக்குள் வீடுகளையும் எடுக்க வேண்டும். மலேசியப் புள்ளியியல் துறையும் வீட்டாய்வுகளுக்கு இப்படித்தான் முதலில் கணக்கெடுப்பு வட்டாரங்களையும், அடுத்து அவற்றிலுள்ள குடியிருப்புகளையும் எடுக்கிறது. அக்கம்பக்கத்தார் ஒருவரையொருவர் ஒத்திருப்பார்கள் என்பதால் 300 பதில் 300க்குச் சமமாகாது. அந்த ஒற்றுமையின் அளவு (0 என்றால் ஒற்றுமையே இல்லை, 1 என்றால் எல்லோரும் ஒரே மாதிரி) 0.05 என்று கொண்டால், 30 குடியிருப்பில் பத்துப் பத்து வீடு எடுத்தது சுமார் 207 பதிலுக்குச் சமம். 10 குடியிருப்பில் முப்பது முப்பது எடுத்தது 122க்குத்தான் சமம். கால் வலித்தாலும் அதிக இடங்களுக்குப் போவதே இலாபம்.

அறிக்கை

28 விழுக்காடு என்று எழுதுங்கள், 28.33 வேண்டாம். அதன் பக்கத்திலேயே பிழை அளவு, எத்தனை வீடு தேர்வானது, எத்தனை பதில், எந்த வாரங்களில் கேட்டது, கேள்வியின் முழு வாசகம் எல்லாம் இருக்கட்டும். பத்திரிகைக்காரர் இவற்றை வெட்டிவிடுவார், அது அவர் பாடு. உங்கள் அறிக்கையில் இருக்க வேண்டும்.

கதவு எண்ணும் பதிலும் ஒரே கோப்பில் இருக்கக்கூடாது. இரண்டையும் இணைக்கும் வரிசை எண் பட்டியலைத் தனியாக ஒருவர் மட்டும் வைத்திருந்து, சரிபார்ப்பு முடிந்ததும் அழித்துவிட வேண்டும். தன்னார்வலர் கைப்பேசியில் எடுத்த படங்களும் இதில் அடக்கம். கணக்கெடுப்பு வாட்ஸ்அப் குழுவில் யாராவது “3ஏ-12 வீட்டில் இப்படிச் சொன்னாங்க” என்று பதிவு போட்டிருந்தால், அதையும் நீக்கச் சொல்லுங்கள்.